தீ வைப்பது மனிதன், பழி வெயிலுக்கா?

நொய்யல்வாசி | கோவை

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நேற்று ஒரு சண்டை. தம்பி மகள் கல்லூரியில் சுற்றுச்சூழல் படிக்கிறாள். 2019 கடைசியில் ஆஸ்திரேலியா எரிந்ததற்கு வறட்சியும் புவி வெப்பமும்தான் காரணம் என்று எழுதியிருந்தாள். உடனே என் மைத்துனர் ஒரு படத்தைப் போட்டார்: "ஆஸ்திரேலியாவில் தீ வைத்த 183 பேர் கைது!" அவள் பதில் சொல்லவில்லை. குழுவில் அதற்குப் பிறகு காலை வணக்கம் மட்டும்தான் வருகிறது.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், எனக்கும் மைத்துனர் பக்கம்தான் கொஞ்சம் சாய்வு. மரம் தானாகப் பற்றிக்கொள்ள இருநூறு முந்நூறு டிகிரி சூடு வேண்டும். 45 டிகிரி வெயிலில் எந்த இலையும் எரியாது. யாராவது பீடித் துண்டைப் போட வேண்டும், இல்லை மின்னல் விழ வேண்டும். அப்படியிருக்க, உலகச் சராசரி ஒரு டிகிரி கூடியதற்கும் காடு எரிவதற்கும் என்ன சம்பந்தம்? திட்டாமல் விளக்குகிறவர்கள் விளக்கலாம்.

பரமட்டா பூரணி | சிட்னி

அண்ணா, அந்தப் படத்தை 2020 ஜனவரியிலேயே பார்த்துச் சலித்தவள் நான். 183 என்ற எண் பொய் இல்லை. அது எதன் எண் என்று சொன்னதுதான் பொய்.

சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலப் போலீஸ் 2019 நவம்பர் 8-க்குப் பிறகு தீ சம்பந்தமாக நடவடிக்கை எடுத்தவர்கள் 183 பேர். நடவடிக்கை என்றால் வெறும் எச்சரிக்கையிலிருந்து வழக்கு வரை எல்லாம் அடக்கம். அதில் வேண்டுமென்றே தீ வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 24 பேர். 53 பேர் தீத்தடை அறிவித்த நாளில் தடையை மீறியவர்கள். 47 பேர் எரியும் சிகரெட்டையோ தீக்குச்சியையோ கீழே போட்டவர்கள். 24 பேரும் சும்மா விடப்பட வேண்டியவர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் கோடையில் எரிந்த பெரிய தீக்களை மூட்டியது அவர்கள் இல்லை.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். சிட்னிக்கு வடமேற்கே காஸ்பர்ஸ் மவுண்டன் என்ற இடத்தில் 2019 அக்டோபர் 26 அன்று ஒரு மின்னல் விழுந்தது. அந்த ஒரு பொறியிலிருந்து கிளம்பிய தீ 5 லட்சம் ஹெக்டேருக்கு மேல் தின்றது. நீலகிரி மாவட்டத்தைப் போல இரண்டு மடங்கு.

டிசம்பர் 10 அன்று நகரத்துக்குள் புகை இறங்கி, அலுவலகக் கட்டடங்களில் தீ எச்சரிக்கை மணிகள் தாமாக அடித்தன. படி இறங்கி வெளியே வந்து நின்றால் உள்ளே இருந்ததைவிட வெளியேதான் புகை அதிகம். எங்கே போய் நிற்பது என்று யாருக்கும் தெரியவில்லை. வீட்டுக் கொல்லையில் கொடியில் கிடந்த துணி மேல் கருகிய யூகலிப்டஸ் இலை ஒன்று முழுசாக, நரம்பு தெரிய, வந்து விழுந்திருந்தது. தொட்டதும் பொடியாகிவிட்டது.

நொய்யல்வாசி | கோவை

சரி, 183-ஐ நாளைக்கே மைத்துனரிடம் சொல்கிறேன். ஆனால் மின்னல் புதிதா என்ன? போன நூற்றாண்டிலும் விழுந்திருக்கும். என் கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

வெப்பமானி | சென்னை

நல்ல கேள்வி, பதில் அதற்குள்ளேயே இருக்கிறது. மின்னல் அன்றும் விழுந்தது, பீடித் துண்டு அன்றும் விழுந்தது. விழுந்த பிறகு என்ன ஆகிறது என்பதில்தான் கதை. ஐப்பசி மழையில் நனைந்த விறகை அடுப்பில் வைத்து ஊதிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அரை டப்பா தீக்குச்சி தீர்ந்தாலும் புகைதான் வரும். விறகில் இருக்கும் தண்ணீர் முதலில் ஆவியாக வேண்டும், சூட்டையெல்லாம் அதுவே குடித்துவிடும். அதே விறகு சித்திரையில் ஒரு குச்சியில் பிடித்துக்கொள்ளும்.

காட்டில் விழுந்து கிடக்கும் சருகு, சுள்ளி, கட்டை இவற்றின் ஈரத்தை யார் முடிவு செய்கிறார்கள்? காற்றுதான். 30 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 40 டிகிரியில் 51 கிராம். அதாவது காற்றில் இருக்கும் நீராவி அதே 15 கிராமாக இருந்தாலும், 30 டிகிரியில் ஈரப்பதம் 50 சதவீதம், 40 டிகிரியில் 30 சதவீதம்தான். காற்றின் வயிறு பெரிதாகிவிடுகிறது, உள்ளே இருப்பது அதேதான். மிச்ச இடத்தை நிரப்ப அது சருகிலிருந்து உறிஞ்சும், மண்ணிலிருந்து உறிஞ்சும், உயிருள்ள இலையிலிருந்தும் உறிஞ்சும். இதை ஆவி அழுத்தப் பற்றாக்குறை என்பார்கள். நான் காற்றின் தாகம் என்று சொல்லிக்கொள்வேன்.

ஒவ்வொரு டிகிரிக்கும் இந்தக் கொள்ளளவு ஏறக்குறைய 6-7 சதவீதம் கூடுகிறது. ஒரு டிகிரி என்று நீங்கள் அலட்சியமாகச் சொன்னது இதைத்தான். தவிர அது உலகம் முழுவதற்கும், வருடம் முழுவதற்குமான சராசரி. தீப்பிடிக்கும் அந்தக் குறிப்பிட்ட பத்து நாளில் ஏறுவது ஒரு டிகிரியோடு நிற்பதில்லை.

மேகமலைக்காரர் | தேனி

வனத்துறையில் காவலராக இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி வெப்பமானி சொன்னதை நாங்கள் கையால் பார்ப்போம். சருகை எடுத்துக் கசக்கினால் நொறுங்கி மாவானால் அன்றைக்கு ஜாக்கிரதை. துவண்டு மடிந்தால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். கருவி வருவதற்கு முன்னால் அவ்வளவுதான் வானிலை அறிக்கை.

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். புல் ஒரு மணி நேரத்தில் காயும், மறுநாள் காலைப் பனியில் மறுபடி நனையும். விரல் தடிமன் சுள்ளிக்கு ஒரு பகல் வேண்டும். தொடைப் பருமன் கட்டைக்கு மாதக்கணக்கு. ஒரு வாரம் வெயில் அடித்தால் புல்தான் எரியும், தீ ஓடிப்போய்விடும். இரண்டு வருடம் மழை பொய்த்தால் கட்டையும் காய்ந்திருக்கும், அப்போது தீ ஓடாது, உட்கார்ந்துவிடும். அணைத்துவிட்டு வந்தோம் என்று நினைப்போம், மூன்றாம் நாள் அதே கட்டையிலிருந்து மறுபடி கிளம்பும்.

சாந்தா டீச்சர் | திருச்சி

மூங்கில் ஒன்றோடொன்று உரசித் தீப்பிடிக்கும் என்று பாடப்புத்தகத்தில் படித்த ஞாபகம். அது உண்மையா ஐயா?

மேகமலைக்காரர் | தேனி

முப்பத்திரண்டு வருடத்தில் நான் பார்த்ததில்லை டீச்சர். பார்த்தவரையும் பார்த்ததில்லை. எங்கள் பக்கம் காட்டுத்தீ முக்காலே மூணு வீசம் மனிதன் வைப்பதுதான். ஆனால் மூங்கிலுக்கும் தீக்கும் சம்பந்தம் உண்டு. பூத்தால் கூட்டமாகப் பூத்துக் கூட்டமாகச் செத்துவிடும். செத்த மூங்கில் காடு என்பது விறகுக் கடை.

கணக்குப்பிள்ளை | துபாய்

விளக்கம் எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் கணக்கு உதைக்கிறது. ஆஸ்திரேலியாவில் 1974-75 கோடையில் எரிந்தது 11.7 கோடி ஹெக்டேர், கண்டத்தில் ஏறக்குறைய 15 சதவீதம். 2019-20ல் எரிந்தது அதில் கால்பங்குகூட வராது. அப்போது காலநிலை மாற்றம் என்று யாராவது பேசினார்களா? அது மட்டுமில்லை. உலகம் முழுவதும் வருடா வருடம் எரியும் மொத்தப் பரப்பு கூடவில்லை, குறைந்திருக்கிறது. செயற்கைக்கோள் கணக்குப்படி 1998 முதல் 2015 வரை கிட்டத்தட்ட கால்பங்கு குறைவு. இதையும் பேசுவோமே.

வெப்பமானி | சென்னை

இரண்டு கணக்கும் சரிதான். மறுக்கப்போவதில்லை.

ஆனால் 1974-75ல் எரிந்தது என்ன? பெரும்பாலும் நடு ஆஸ்திரேலியாவின் புல்வெளி. ஆள் நடமாட்டமே குறைந்த இடம். அதற்கு முன் பெய்த பெருமழையில் பாலைவனத்திலெல்லாம் புல் இடுப்பளவு முளைத்து, பிறகு காய்ந்தது. அங்கே எப்போதும் வெயில் உண்டு, எரிய ஒன்றும் இருக்காது. மழை வந்ததால் எரிபொருள் வந்தது. 2019-20ல் எரிந்தது கிழக்கு, தென்கிழக்குக் கரைக் காடு. அங்கே எரிபொருளுக்குப் பஞ்சமே இல்லை, ஈரம்தான் அதைக் காத்து நின்றது. அந்த வகைக் காட்டில் சாதாரண வருடத்தில் 2 சதவீதம்கூட எரியாது. அந்த ஒரு பருவத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. புல்வெளியையும் காட்டையும் ஹெக்டேர் கணக்கில் ஒன்றாகக் கூட்டினால் தேங்காயையும் நெல்லையும் எண்ணிக்கையில் கூட்டிய மாதிரி.

உலகப் பரப்பு குறைந்ததற்கும் அதே பதில். எரிவதில் பெரும்பங்கு ஆப்பிரிக்கப் புல்வெளி. அங்கே புல்வெளி வயலாகவும் மேய்ச்சல் நிலமாகவும் மாறுகிறது, அதனால் தீ குறைகிறது. அந்தக் குறைவு சிட்னிக்காரருக்கும் கலிபோர்னியாக்காரருக்கும் ஒரு ஆறுதலும் இல்லை.

கணக்குப்பிள்ளை | துபாய்

தேங்காய், நெல் உவமை எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் விஷயம் புரிகிறது. அப்படியானால் 2019ல் அந்த ஈரம் ஏன் போனது? அதற்குக் கணக்குக் கொடுங்கள்.

வெப்பமானி | சென்னை

ஆஸ்திரேலியாவில் பதிவு வைக்கத் தொடங்கிய காலம் முதல் 2019தான் மிக வெப்பமான வருடம், அதுவேதான் மிக வறண்ட வருடமும். இரண்டும் ஒரே வருடத்தில். வெப்பம் 1961-90 சராசரியைவிட 1.52 டிகிரி கூடுதல், மழை 40 சதவீதம் குறைவு. அதற்கு முந்தைய இரண்டு வருடமும் கிழக்கில் மழை பொய்த்திருந்தது. மரே-டார்லிங் ஆற்றுப் படுகைக்கு 2017 முதல் 2019 முடிய மூன்று வருடமும் சேர்த்து வரலாறு காணாத வறட்சி.

கடைசி அடியைக் கொடுத்தது நம் இந்தியப் பெருங்கடல்தான். 2019ல் கடலின் மேற்குப் பக்கம், ஆப்பிரிக்கா அருகே, வழக்கத்தைவிடச் சூடு. கிழக்கே சுமத்ரா அருகே குளிர்ச்சி. இருமுனை நிலை என்பார்கள், அந்த வருடம் அது மிகக் கடுமை. மழை மேகமெல்லாம் மேற்கே குவிந்து கிழக்கு ஆப்பிரிக்கா வெள்ளத்தில் மிதந்தது, ஆஸ்திரேலியா காய்ந்தது. அதே வருடம் இந்தியாவுக்குத் தென்மேற்குப் பருவமழை வழக்கத்தில் 110 சதவீதம் கிடைத்தது. ஜூனில் சென்னையில் நாங்கள் குடத்தை வைத்துக்கொண்டு லாரிக்கு நின்ற வருடமும் அதுதான், அதை மட்டும் என்னால் மறக்க முடியாது.

இன்னொரு விஷயம். வறட்சியும் வெப்பமும் தனித்தனி ஆட்கள் இல்லை. மண்பானையை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கசிந்து ஆவியாகிற வரை பானை குளிர்ச்சி. காலிப் பானையை வெயிலில் வைத்தால் தொட முடியாது. மண்ணும் அப்படித்தான். ஈரம் இருக்கும்வரை வெயிலின் ஒரு பங்கு அதை ஆவியாக்குவதில் செலவாகும். ஈரம் தீர்ந்ததும் அத்தனையும் காற்றைச் சுட வைக்கும். சுட்ட காற்று இன்னும் ஈரத்தைத் தேடும். 2020 ஜனவரி 4 அன்று சிட்னியின் பென்ரித்தில் 48.9 டிகிரி அடித்தது இப்படித்தான்.

பரமட்டா பூரணி | சிட்னி

அன்றைக்கு நாங்கள் வெளியே கால் வைக்கவில்லை. பறவைகள்கூடச் சத்தம் போடவில்லை, அதுதான் எனக்கு இன்றும் ஞாபகம்.

மேகமலைக்காரர் | தேனி

பூரணி அம்மா, ஒரு சந்தேகம். அங்கே மழைக்காடும் எரிந்ததாகச் செய்தியில் பார்த்தேன். எனக்கு நம்பிக்கை வரவில்லை. இங்கே புல்மேட்டில் தீ எவ்வளவு வேகமாக வந்தாலும் சோலைக்காட்டு ஓரத்துக்கு வந்ததும் வாலைச் சுருட்டிக்கொள்ளும். உள்ளே எப்போதும் ஈரம், பாசி, ஓடை. நாங்கள் தீத்தடுப்புக் கோடு (தீ தாண்டாமலிருக்கப் புல்லை அகற்றிய பட்டை) வெட்டும்போதே சோலையை ஒரு பக்கச் சுவராக வைத்துத்தான் கணக்குப் போடுவோம்.

பரமட்டா பூரணி | சிட்னி

எரிந்தது ஐயா. உலகப் பாரம்பரியச் சின்னமான கோண்ட்வானா மழைக்காடுகளில் பாதிக்கு மேல் தீ தொட்டது. எல்லாம் முழுதாகக் கருகிவிட்டது என்று அர்த்தமில்லை, பல இடங்களில் தரையோடு ஊர்ந்த தீ. ஆனால் அந்த மரங்களுக்கு அதுவே போதும். யூகலிப்டஸ் தீயில் வெந்தாலும் தண்டிலிருந்து துளிர்க்கும். மழைக்காட்டு மரங்களுக்கு அந்தப் பழக்கமில்லை.

நீங்கள் சொன்ன அந்தச் சுவர்தான் இடிந்தது. மலையில் வடக்குச் சரிவு காயும், தெற்குச் சரிவு ஈரமாக இருக்கும், பள்ளத்தில் ஓடை ஓடும். ஒரு சரிவில் பிடித்த தீ பள்ளத்துக்கு இறங்கியதும் படுத்துவிடும். அப்படித்தான் இத்தனை காலம் மின்னல்கள் விழுந்தும் சின்னச் சின்னத் திட்டுகளாக எரிந்து முடிந்தன. மூன்று வருட வறட்சியில் பள்ளமும் காய்ந்தது, தெற்குச் சரிவும் காய்ந்தது. தனித்தனித் தீவாக இருந்த காய்ந்த இடமெல்லாம் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. 5 லட்சம் ஹெக்டேர் என்ற எண்ணுக்கு இதுதான் அர்த்தம் அண்ணா, நொய்யல் அண்ணா. மின்னல் பழைய மின்னல்தான். அதைத் தடுத்து நிறுத்த வழியில் ஒன்றும் இல்லை.

நொய்யல்வாசி | கோவை

இது உறைக்கிறது. நான் பொறியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கணக்குப்பிள்ளை | துபாய்

நானும் ஒப்புக்கொள்கிறேன், வறட்சி காரணம். ஆனால் வறட்சிக்குக் காலநிலை மாற்றம் காரணமா? ஆஸ்திரேலியாவில் பஞ்சம் வருவது புதிதில்லையே.

வெப்பமானி | சென்னை

இந்த இழையில் இதுவரை வந்ததிலேயே கூர்மையான கேள்வி இது. 2020ல் பன்னாட்டு ஆய்வுக் குழு ஒன்று அந்தத் தீயைக் குறித்து ஆராய்ந்தபோது இதையேதான் கேட்டார்கள். கிடைத்த பதில் இரண்டு பங்காகப் பிரிந்தது. மழைக் குறைவில் மனிதன் செய்த வெப்பமயமாதலின் தெளிவான தடம் கிடைக்கவில்லை. வெப்பத்தில் கிடைத்தது. எல்லாம் சேர்த்து, அப்படிப்பட்ட தீ வானிலை வருவதற்கான வாய்ப்பு 1900 வாக்கில் இருந்ததைவிடக் குறைந்தது 30 சதவீதம் கூடியிருக்கிறது என்றார்கள். குறைந்தது என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். கணினி மாதிரிகள் கடும் வெப்ப அலைகளைக் குறைத்துக் காட்டுகின்றன என்பதால் அந்த எச்சரிக்கை.

நான் இதை இப்படிப் புரிந்துகொண்டிருக்கிறேன்: பஞ்சம் பழைய விருந்தாளி. முன்பு வந்தால் இவ்வளவு சாப்பிடாது. அதே மழைக் குறைவு, மேலே ஒன்றரை டிகிரி ஏற்றி வைத்ததும் மண்ணை இன்னும் சீக்கிரம் வறட்டுகிறது. இரவுகளும் முன்போல் குளிர்வதில்லை. ராத்திரி ஈரப்பதம் ஏறும்போது தீ அடங்கும், அணைப்பவர்கள் மூச்சுவிடும் நேரம் அது. அந்த நேரமும் சுருங்குகிறது.

வாகீசன் | ரொறன்ரோ

வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தனான், கனடாவைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை எண்டதால எழுதுகிறேன்.

2023இல் இங்கே எரிந்தது சுமார் 1.5 கோடி ஹெக்டேர். தமிழ்நாடு முழுவதையும் எடுத்தால்கூட 1.3 கோடிதான் வரும். இதில் பெரும்பகுதி மின்னலால் மூண்டது. ஆள் அடி இல்லாத வடக்குக் காடுகள், தீ வைக்கப் போகிறவன் விமானம் பிடித்துத்தான் போக வேணும். அந்த வருடம் மே முதல் ஒக்ரோபர் வரை நாடு முழுவதும் வெப்பம் 1991-2020 சராசரியைவிட 2.2 பாகை கூடுதல். பனி வெள்ளன உருகிவிட்டது. பனி போன நாளிலிருந்து காடு காயத் தொடங்கும், பச்சை முளைக்கும்வரை அதுதான் ஆபத்தான காலம்.

ஜூன் மாதம் கியூபெக் புகை ரொறன்ரோவுக்கு வந்தது. கோவில் திருவிழாவுக்கு வெளிக்கிட்ட சனம் முகக்கவசத்தோடு நின்றது. கொரோனா முடிந்து எறிந்த பெட்டியைத் திருப்பித் தேடினோம்.

அதற்கு முன் 2021 ஜூன் 29ஆம் திகதி பிரிட்டிஷ் கொலம்பியாவில் லிற்றன் என்ற சிறிய ஊரில் 49.6 பாகை. கனடாவில் இதுவரை பதிவானதில் அதுதான் உச்சம். அடுத்த நாள் பின்னேரம் ஊரே எரிந்துபோனது. குளிருக்கு ஓடிவந்த நாடு எண்டு எங்களை ஊரில் பகிடி பண்ணுவார்கள். நாற்பத்தொன்பது பாகை யாழ்ப்பாணமே காணாத வெயில்.

சாந்தா டீச்சர் | திருச்சி

எனக்கு ஒன்று இடிக்கிறது. வெப்பமானி தம்பி முதலில் வறட்சியால் தீ என்றார். அப்புறம் 1974ல் மழை பெய்ததால் தீ என்றார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கேட்டால் நான் என்ன சொல்வது? மழை வேண்டுமா, வேண்டாமா?

வெப்பமானி | சென்னை

இரண்டும் டீச்சர், வரிசைதான் முக்கியம். 2025 ஜனவரி 7 அன்று லாஸ் ஏஞ்சலஸில் பிடித்த தீயை உதாரணமாகச் சொல்லுங்கள். அதற்கு முந்தைய இரண்டு குளிர்காலத்திலும் அங்கே மழை கொட்டியது. மலைச்சரிவில் புல்லும் புதரும் செழித்தன, எல்லோரும் பச்சையைப் படம் எடுத்துப் போட்டார்கள். பிறகு 2024 மே முதல் ஜனவரித் தொடக்கம் வரை நகர மையத்தில் பெய்தது 4 மில்லிமீட்டர். நாலு சென்டிமீட்டர் இல்லை, நாலு மில்லிமீட்டர். முளைத்ததெல்லாம் எரிபொருளானது. வழக்கமாகக் குளிர்கால மழை வந்து நனைத்திருக்க வேண்டிய நேரத்தில் பாலைவனப் பக்கமிருந்து சான்டா ஆனா காற்று வந்தது, சில இடங்களில் மணிக்கு 160 கிலோமீட்டர் வரை. 16,000 கட்டடங்களுக்கு மேல் போயின, சுமார் 30 உயிர்கள்.

சூடான காற்று நிறைய நீராவி தாங்கும் என்று சொன்னேன் அல்லவா? பெய்தால் அதிகமாகப் பெய்யும், உறிஞ்சினால் அதிகமாக உறிஞ்சும். மழையும் வறட்சியும் முன்பைவிட வேகமாக மாறி மாறி அடிக்கின்றன. புதர்க்காட்டுக்கு இதைவிடக் கெட்ட வரிசை கிடையாது.

மேகமலைக்காரர் | தேனி

டீச்சருக்கு உள்ளூர் உதாரணம் வேண்டுமானால் பந்திப்பூர். 2019 பிப்ரவரியில் 4,000 ஹெக்டேருக்கு மேல் எரிந்தது, முதுமலைப் பக்கமும் பரவியது. மழையில் கொழுத்த உண்ணிச்செடி (லன்டானா), அதன் மேல் செத்த மூங்கில், அதன் மேல் பிப்ரவரி வெயில். உண்ணிச்செடி ஏணி மாதிரி. தரையில் போக வேண்டிய தீயை மரத்தின் கிளைக்கு ஏற்றிவிடும்.

ஆனால் எல்லாவற்றையும் வறட்சிக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். 2018 மார்ச் 11, எங்கள் தேனி மாவட்டக் குரங்கணி மலை. மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அது பெரும் பஞ்ச வருடம் இல்லை. மாசி, பங்குனியில் எந்த வருடமும் அந்தச் சரிவில் புல் காய்ந்துதான் இருக்கும், ஆள் உயரத்துக்கு. கீழே பிடித்தால் மேலே ஓடும், ஓடுகிற மனிதனைவிட வேகமாக ஓடும். அந்தப் பருவத்தில் அந்த வழியில் கூட்டிப்போனதுதான் தப்பு. காலநிலையைச் சொல்லி அந்தப் பொறுப்பிலிருந்து யாரும் நழுவக் கூடாது.

நொய்யல்வாசி | கோவை

ஐயா சொன்னது நியாயம். இதையே ஆஸ்திரேலியாவுக்கும் கேட்கிறேன். முன்கூட்டியே சருகை எரித்து அப்புறப்படுத்தியிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது, பசுமைக் கட்சிக்காரர்கள் தடுத்துவிட்டார்கள் என்றும் மைத்துனர் போட்டிருந்தார். இதுவும் 183 மாதிரிதானா?

பரமட்டா பூரணி | சிட்னி

பாதி அண்ணா. முன்னெரிப்பு வேலை செய்யும், குறிப்பாக வீடுகளுக்குப் பக்கத்தில். இங்கே ஆதிகுடிகள் பல்லாயிரம் வருடமாகக் குளிர்ந்த நேரம் பார்த்து, சின்னச் சின்னத் திட்டாக எரித்து வந்தவர்கள். அந்தப் பழக்கத்தை வெள்ளையர் ஆட்சி நிறுத்தியது பெரிய தவறு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தடுத்தது பசுமைக் கட்சி என்பது கதை. அவர்கள் ஆட்சியிலும் இல்லை, அவர்கள் கொள்கையும் அதற்கு எதிரி இல்லை.

தடுப்பது வானிலை. எரிப்பதற்கு ஒரு பதம் வேண்டும். ஈரம் மிஞ்சினால் பிடிக்காது, குறைந்தால் கைமீறும். வறட்சி வருடத்தில் அந்தப் பதமான நாட்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிவிடும். 2019 டிசம்பர் நடுவில் காஸ்பர்ஸ் தீயை நிறுத்த மவுண்ட் வில்சன் பக்கம் வைத்த எதிர்த்தீயே (வருகிற தீக்கு இரை இல்லாமல் செய்ய முன்னால் மூட்டும் தீ) தடுப்புக் கோட்டைத் தாண்டிப் போய் வீடுகளை எரித்தது. வைத்தவர்கள் அனுபவம் இல்லாதவர்கள் இல்லை. அத்தோடு, மிக மோசமான நாட்களில் சில வருடம் முன்பு எரித்த நிலத்தின் மேலும் தீ தாண்டிப் போனது. யூகலிப்டஸ் பட்டை நாடா நாடாவாக உரிந்து தீப்பந்தமாகப் பறக்கும், கிலோமீட்டர் கணக்கில் முன்னால் போய் விழும்.

மேகமலைக்காரர் | தேனி

கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோலிகர் பழங்குடியினரும் அப்படித்தான் எரித்தார்கள். தரகு பெங்கி என்பார்கள், சருகுத் தீ. தை மாதம் போல, தழல் முழங்காலுக்கு மேல் போகாமல். அதை நிறுத்தின பிறகு உண்ணிச்செடி காட்டைப் பிடித்துக்கொண்டது. இப்போது அதே தீயை வைத்தால் முழங்கால் அளவில் நிற்காது. நிறுத்தியதும் தப்பு, திரும்ப அப்படியே தொடங்கினாலும் தப்பு, இடியாப்பச் சிக்கல்.

எங்களுக்கும் பதம் உண்டு. தீத்தடுப்புக் கோட்டில் வெட்டிய புல்லைக் காலைப் பனி ஈரம் முழுதாகக் காயும் முன் எரித்து முடிக்க வேண்டும். என் கடைசி வருடங்களில் பனியே சரியாக விழவில்லை. ஏழு மணிக்கெல்லாம் சருகு சரசரக்கும். அன்றைக்கு எரிக்காமல் திரும்பி வருவோம். அப்படித் திரும்பி வந்த நாட்கள் கூடிக்கொண்டே போயின.

கணக்குப்பிள்ளை | துபாய்

முன்னெரிப்பு விஷயத்தில் நான் இன்னும் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. பதமான நாள் குறைகிறது என்றால் அந்தக் குறைந்த நாளில் இரண்டு மடங்கு ஆளை இறக்க வேண்டும். காசு செலவழிக்க மனமில்லாததற்கு வானிலை நல்ல சாக்கு. இதற்குத் தனி இழை தொடங்குகிறேன், அங்கே வாருங்கள்.

வாகீசன் | ரொறன்ரோ

பூரணி அக்கா, ஒரு கேள்வி. காஸ்பர்ஸ் தீயைக் கடைசியில் எப்படி அணைத்தார்கள்? இங்கே 2023இல் மூண்ட சில தீக்கள் பனிக்கு அடியில், புல்லுக்கரி (மக்கிய செடிகொடி படிந்த) மண்ணுக்குள் கனன்றுகொண்டு கிடந்து அடுத்த வசந்தத்தில் திரும்ப எழும்பின.

பரமட்டா பூரணி | சிட்னி

அணைக்கவில்லை தம்பி. விமானம், ஹெலிகாப்டர், ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள், எல்லோரும் ஊர்களைக் காப்பாற்றினார்கள். வொலமைப் பூங்காவின் இரகசியப் பள்ளத்தாக்கில் டைனோசர் காலத்து மரங்கள் கொஞ்சம் இருக்கின்றன, வீரர்களைக் கயிற்றில் இறக்கி அவற்றையும் காப்பாற்றினார்கள். தீயை அணைத்தது மழை.

2020 பிப்ரவரி 7 முதல் 10 வரை நாலு நாளில் சிட்னியில் 391.6 மில்லிமீட்டர். மூன்று வருடம் வராதது ஒரு வார இறுதியில் வந்தது. நாங்கள் வாசலில் நின்று நனைந்தோம், பக்கத்து வீட்டு கிரேக்கப் பாட்டி அழுதார். மறுநாள் தெருவில் வெள்ளம், மின்சாரம் இல்லை. எரிந்த மலையிலிருந்து சாம்பல் எல்லாம் வாரகாம்பா அணைக்குள் இறங்கிவிடுமோ என்று பயந்து, நீரோட்டத்தில் தடுப்புத் திரை கட்டினார்கள். நகரம் குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு அதுதான்.

நொய்யல்வாசி | கோவை

தம்பி மகளுக்கு இந்த இழையின் சுட்டியை அனுப்பினேன். "பெரியப்பா, மண்பானை உதாரணத்தை என் செமினாரில் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்கிறாள். வெப்பமானி, அனுமதி உண்டா?

மைத்துனருக்கு 24, 53, 47 மூன்று எண்ணையும் அனுப்பினேன். நீல டிக் வந்துவிட்டது. பதில் இல்லை.

வெப்பமானி | சென்னை

தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும். பானை என்னுடையது இல்லை, எங்கள் வீட்டு மொட்டைமாடியில் இருந்தது. போன மே மாதம் விரிசல் விட்டுவிட்டது.